சோளகத்துக்கு முதுகு காட்டி

வெள்ளாங்குளத்தில் கடல் என்று பெரிதாய் ஒன்றும் இல்லை.
சேறு, கண்டல், கணுக்கால் தண்ணீர்.
அதில் ஒரு சோடாப் போத்தலை அமிழ்த்தி நிரப்பினான் டெரன்ஸ்.
முல்லைத்தீவில் கொண்டுபோய் ஊற்றப்போகிறானாம்,
இந்தக் கடலை அந்தக் கடலுக்குக் காட்டப்போகிறானாம்.
சிரித்தோம்.
ஏழு நாள் அதை யார் சுமப்பது என்று
ஒருவரும் கேட்கவில்லை.

ஊரும் கேட்கவில்லை.
இங்கே ஊரைக் கேட்டால் ஆண்டையும் கேட்கவேண்டி வரும்,
ஆண்டைக் கேட்டால்
எத்தனை பேராய்ப் போனீர்கள், எத்தனை பேராய் வந்தீர்கள் என்றும்.
ஆகவே கால்களைப் பற்றிக் கதைத்தோம்.
எந்த விரல், எந்தப் பக்கம், நீர் கோத்துவிட்டதா.
இரண்டாம் நாளே பெயர்கள் கழன்று விழுந்தன.
ஊசி கொண்டுவந்த றமீஸ், ஊசி.
கடையைக் கண்டால் நின்றுவிடும் நான், பிளேன்ரீ.
டெரன்ஸ், வேறென்ன, போத்தல்.
யசோதினிக்கு மட்டும் ஒன்றும் அமையவில்லை.

அவள் கடைசியில் நடந்தாள்,
எங்கள் சப்பாத்துத் தடங்களின் மேல்
ஒன்றுவிடாமல் தன் காலை வைத்து.
ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றும் வேலை.
கிறவல் றோட்டானாலும், மாடு நூறு தரம் போன வரம்பானாலும்
முன்னுக்குப் போனவை மிதிச்ச இடந்தான் இடம் என்பாள்.
மறைவுக்கு என்று காட்டுப்பக்கம் இறங்கமாட்டாள்,
அடுத்த கடை வரும்வரை
அடக்கிக்கொண்டு நடப்பாள்.

வவுனிக்குளத்து அணைக்கட்டில் மூன்றாம் இரவு.
ஊசி தன் நீலத் தறப்பாளைக் கட்டி
வாங்கோ, நாலு பேருக்கும் காணும் என்றான்.
யசோதினி தள்ளிப்போய் வெளியில் படுத்தாள்.
நானும்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
விடிய எழும்பிப் பார்த்தால்
அதை மடித்து ஒரு பட்டிக்காரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.
சுமை குறையட்டும் என்றான், எங்களைப் பாராமல்.

மாங்குளம் தாண்டினால் இரண்டு பக்கமும் காடு.
பாலை பழுத்த நேரம், மரத்தில் கரடி நிக்கும்,
சத்தம் போட்டு நடவுங்கோ என்று
மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார் ஒருவர்.
சத்தம் போடு என்றால் வாயில் என்ன வரும்?
போத்தல்தான் தொடங்கினான்:
ஒட்டுசுட்டான் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று,
ஏறுங்கோ, பின்னுக்குப் போங்கோ, அம்மா அந்த மூட்டையைத் தள்ளுங்கோ,
இடமிருக்கு, நிறைய இடமிருக்கு.
ஒலுமடு மட்டும் இப்படியே.
சோளகம் முதுகில் கைவைத்துத் தள்ளியது,
எந்தக் கரடியும் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் என் குதிக்கால் வெடித்தது.
உப்புத்தண்ணி இருந்தால் நல்லம் என்றான் ஊசி,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான்.
போத்தல் ஒன்றும் பேசாமல் மூடியைத் திருகினான்.
மேற்குக் கடல் முழுவதும்
கரிப்பட்டமுறிப்பில், ஒரு மதகுக் கட்டில்,
என் காலில் எரிந்து முடிந்தது.

துணி சுற்றிவிட்டு நிமிர்ந்தால் யசோதினி இல்லை.
றோட்டை விட்டு இறங்கியிருந்தாள்.
இருபது யார், அதற்கும் மேல்,
எங்கள் மூவரின் தடமும் போகாத சருகில்
சரக் சரக் என்று.
கூப்பிட வாய் வரவில்லை.
கூப்பிட்டால் திரும்புவாள், திரும்பினால் நினைப்பு வரும்.
ஊசி என் காலைப் பிடித்தபடியே இருந்தான்,
வலித்தது, விடச் சொல்லவில்லை.

தொப்பி நிறையப் பாலைப்பழத்தோடு வந்தாள்.
பால் ஒட்டி உதடு திறக்கவில்லை அவளுக்கு.
எங்களுக்கும் பிறகு அப்படித்தான்.
நாலு பேர், ஒட்டிய வாயோடு,
ஒட்டுசுட்டான் வரும்வரை.

முல்லைத்தீவில் அலை பெரிது.
போத்தல் வெறும் போத்தலைக் கடலுக்குக் காட்டிவிட்டுப்
பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது ஐந்து நாள் நடையை
மாங்குளச் சந்திவரை ஒன்றரை மணித்தியாலத்தில்
பஸ் சுருட்டியது. நான் நித்திரை.
சந்தியில் நாலு பேருக்கும் நாலு பஸ்.
பெயர்ப்பலகை பார்த்துத்தான்
யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தது.

அவளுடைய பஸ் எடுத்த பிறகு
யன்னலால் தலையை நீட்டிக் கத்தினாள்:
பிளேன்ரீ!
தேத்தண்ணிக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.
திருப்பிக் கத்த
எனக்கு ஒரு பெயர் இருக்கவில்லை.
நொண்டிக்கொண்டே கொஞ்சத் தூரம் ஓடினேன்.